பெயர் தெரியாத நான்கு டம்ளர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

பெங்களூருப் பக்கம் சந்தாபுராவில் உன் வீட்டிலேயே நண்பர்களைக் கூட்டி, புட்டியை மறைத்து பர்பன் விஸ்கி ருசி பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். ருசி பார்ப்பதையே தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கிறவன் வீட்டுக் கூடத்தில் தொடங்குவதுதான் சரி.

எந்தப் புட்டி வாங்கலாம் என்று கேட்டாய். 2025 பிப்ரவரியில் பர்பன் மீதான இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைந்தது. ஆனாலும் கடையில் விலை மிரட்டத்தான் செய்கிறது. விலை தெரிந்த நாக்கு, விலைக்கு ஏற்ற ருசியைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். பெயரை மறைப்பது அதற்காகத்தான். ஆகவே அபூர்வப் புட்டிகளைத் துரத்தாதே. ஜிம் பீம் ஒன்று, மேக்கர்ஸ் மார்க் ஒன்று போதும். முன்னதில் மக்காச்சோளத்தோடு ரை தானியம் சேர்கிறது. பின்னதில் ரைக்குப் பதில் கோதுமை. இந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரிகிறதா என்பது ஒரு மாலைக்குப் போதுமான கேள்வி.

மூன்றாவதாக ஒரு அம்ருத் சிங்கிள் மால்ட் வை. அது பர்பன் இல்லை, பார்லியில் செய்தது, தெரிந்தேதான் சொல்கிறேன். பர்பன் என்றால் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கவேண்டும், உள்ளே கருக்கிய புது ஓக் மரக் கலனில் ஊறவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை ஊறிய பீப்பாயில் மறுபடி பர்பன் ஊறவைக்க முடியாது. அப்படிக் காலியாகும் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குப் போகின்றன, நம் மைசூர் ரோட்டுப் பக்கம் கம்பிபுராவில் இருக்கும் அம்ருத் ஆலைக்கும் வருகின்றன. உன் வீட்டிலிருந்து நைஸ் ரோடு பிடித்தால் எட்டிவிடும் தூரம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் சரக்கு ஆவியாகிறது. பெங்களூருவில் 10 சதவீதத்துக்கும் மேல். அதனால் இங்கே மரத்தின் வாசம் சீக்கிரமே ஏறிவிடுகிறது. பர்பனின் பக்கத்தில் அம்ருத்தை வைத்தால், எது மக்காச்சோளத்தின் ருசி, எது மரத்தின் ருசி என்று பிரித்துப் பார்க்கலாம்.

அம்ருத்தை வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்தியது இந்தியாவில் அல்ல, கிளாஸ்கோவில். அதற்கு முன்பே அங்குள்ள பாட் ஸ்டில் மதுக்கூடத்தில் பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்துச் சோதித்தார்கள். இந்திய விஸ்கி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனை பேர் நேர்மையாக முகர்ந்திருப்பார்கள்? நம் ஊர்ச் சரக்குக்கு அந்த மறைப்பு செய்த உபகாரம் பெரிது.

புட்டிகள் மூன்று, ஆனால் டம்ளர்கள் நான்கு. இரண்டு பர்பன்களில் ஒன்றை இரண்டு டம்ளரில் ஊற்றிவிடு. நான்கில் எவை இரண்டும் ஒன்று என்று எல்லோரும் எழுதட்டும். முரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, டீயில் பாலை முதலில் ஊற்றினார்களா பிறகு ஊற்றினார்களா என்று ருசித்தே சொல்லிவிடுவேன் என்றார். அதைச் சோதிக்க எட்டுக் கோப்பைகள் வைப்பதைப் பற்றி ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதியதுதான் இன்றைக்கும் சோதனை வடிவமைப்பின் பாலபாடம். எட்டையும் குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புதான். உன் நான்கு டம்ளரில் அது ஆறில் ஒன்று. ஆறு பேர் வந்தால் ஒருவர் சும்மாவே சரியாகச் சொல்லிவிடக்கூடும். அவரை உடனே மேதையாக்காதே. தவறாகச் சொன்னவரைக் கேலி செய்ய யாரையும் விடாதே. கேலிக்குப் பயந்தவன் அடுத்த தடவை பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுவான்.

ஊற்றுவது நீயாக இருக்கக் கூடாது. குடிக்காத நண்பர் ஒருவர் சமையலறையில் ஊற்றி, டம்ளருக்கு அடியில் மூன்று இலக்க எண் ஒட்டி அனுப்பட்டும். 1, 2 என்று போட்டால் 1 என்பதே உசத்தி என்று மனசு எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள் வரிசையையும் மாற்றச் சொல். நிறமும் ஏமாற்றும், அதனால் கண்ணாடிக் கோப்பை வேண்டாம். வாசமில்லாமல் கழுவிய எவர்சில்வர் டம்ளரே நல்லது. ஆல்கஹால் வலிமையையும் சமப்படுத்த வேண்டும். அம்ருத் 46 சதவீதம். 13 மில்லியோடு 2 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 40க்கு வந்துவிடும். மருந்துக் கடை சிரிஞ்சு இதற்குப் போதும். மற்றவற்றுக்கும் லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடு. அன்றைக்கு ஊதுவத்தி, தாளிப்பு, சென்ட் எதுவும் வேண்டாம். மல்லிகைப் பூவும் வேண்டாம், வருத்தம்தான். நடுவில் கொறிக்க உப்பில்லாத பொரியும் தண்ணீரும் போதும். பிரியாணி எல்லாம் முடிந்த பிறகு.

எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இரு. ஒருவர் ‘வெனிலா’ என்று சொல்லிவிட்டால் அறையில் எல்லோருக்கும் வெனிலா மணக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, சாப்பிட்டே இராத பழத்தின் பெயரை எழுதுகிறார்கள். அவரவர் ஊர் ருசியை எழுதச் சொல். ஓக் மரத்திலிருந்து வரும் லாக்டோன்களுக்கு உண்மையிலேயே தேங்காய் வாசம் உண்டு. கருக்கிய மரத்திலிருந்து வெனிலினும் கருகிய சர்க்கரை வாசமும் வருகின்றன. ஒருவர் ‘கமர்கட்’ என்று எழுதினால், அது எந்தப் புத்தகக் குறிப்புக்கும் குறைந்ததில்லை. கன்னட நண்பர் ‘கொப்பரி மிட்டாய்’ என்று எழுதினால் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்கள் கலந்து பேசாமல் ஒன்றையே சொல்வதைக் கேட்பதற்காகவே நான் இந்த வேலையை நேசிக்கிறேன். அந்தத் தாள்களை எறிந்துவிடாதே. தேதி போட்டு வை. உன் மூக்கு வளர்ந்ததா என்று பிற்பாடு அவை சொல்லும்.

ஆளுக்கு டம்ளருக்கு 15 மில்லி, நான்குக்கு 60. அதாவது ஒரு லார்ஜ். துப்புவதற்கு ஒரு சொம்பும் வை, துப்புவதில் வெட்கமில்லை என்று நீயே துப்பிக் காட்டு. முடிவைச் சொன்னதும் இன்னொரு ரவுண்டு கேட்பார்கள், மறுத்துவிடு. ஹோசூர் ரோட்டின் ராத்திரி லாரிகளை நீ தினமும் பார்க்கிறாய். வருகிறவர்களிடம் வண்டிச் சாவியை வாசலிலேயே வாங்கிக்கொள். போகும்போது ஆட்டோ பிடித்துக் கொடு, முடியாதவர்களுக்குப் பாய் போடு. இந்த ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களைக் கூப்பிடாதே, தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்