பத்திக்குள்ளேயே நில்லுங்கள்

கேள்வி: குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளில் பத்தியைப் படித்து விடை எழுதும்போது, எனக்குத் தெரிந்த பொது அறிவையும் சேர்த்துக்கொள்ளலாமா?
- வாசகி, மைசூரு

பதில்: வேண்டாம் அம்மா. பத்தியை மட்டுமே வைத்து விடையளிக்கச் சொல்லி வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். ‘எல்லா அரண்மனைகளும் மரத்தால் ஆனவை, அம்பா விலாஸ் ஓர் அரண்மனை’ என்று கொடுத்தால், அம்பா விலாஸ் மரத்தால் ஆனது என்பதுதான் சரியான முடிவு. பழைய மர அரண்மனை 1897-ல் எரிந்ததும், இப்போதுள்ளது 1912-ல் கட்டி முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் கேள்வி அதுவல்ல. நிறையப் படித்த பிள்ளைகளே இங்கே சறுக்குவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். குறிக்கும் முன், விடையைத் தாங்கும் வரியை விரலால் தொட்டுப் பாருங்கள்.