கடாரத்துக்கு வந்த படைவீரன்

சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் செல்லும் வழியில் ஜெராய் மலை கண்ணில் படும். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை, பண்டைய மாலுமிகளுக்குக் கரையைக் காட்டும் அடையாளமாக விளங்கியது. கி.பி. 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பலில் கடாரத்துக்கு வந்த ஒரு படைவீரனும் முதலில் இம்மலையைத்தான் கண்டிருப்பான். அவனைக் கதைத்தலைவனாகக் கொண்டு வரலாற்று நாவல் எழுத விரும்புபவர் எங்கிருந்து தேடத் தொடங்குவார்?

முதலில் அவர் நாடுவது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டாக இருக்கும். அதிலுள்ள மெய்க்கீர்த்தி, இராசேந்திரன் பல கலங்களைக் கடலில் செலுத்தியதையும் கடாரத்து அரசனைப் பிடித்ததையும் கூறுகிறது. வென்ற ஊர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறது. ஆனால், கப்பலில் வந்த ஒரு வீரனின் பெயர்கூட அதில் இல்லை. நாவல்களும் பெரும்பாலும் அரச குடும்பத்தையே சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 1963-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ நாவலின் தலைவன் இளங்கோ, கொடும்பாளூர் இளவரசன்.

உரோமானியப் போர்வீரனைப் பற்றி எழுதுபவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. உரோமப் பேரரசின் துணைப்படையில் சேர்ந்தவன் 25 ஆண்டுகள் பணியாற்றினால் குடியுரிமை பெறலாம். அதை உறுதிசெய்யும் வெண்கலத் தகடுகள் இன்றும் கிடைக்கின்றன. வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மெல்லிய மரப்பலகைக் கடிதம் ஒன்று, ஒருவருக்குக் காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பப்பட்டதைத் தெரிவிக்கிறது. குளிரில் நடுங்கிய மனிதன் ஒருவன் அந்த ஒரு வரியிலேயே உயிர்பெற்று விடுகிறான்! சோழ வீரர்களின் ஓலைகள் அப்படி எஞ்சவில்லை. வெப்பமும் ஈரமும் கரையானும் ஓலையை விட்டுவைப்பதில்லை.

ஆகவே, எழுத்தாளர் சிறு சிறு குறிப்புகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தெரிந்த கைக்கோளர், வேளைக்காரர் போன்ற படைப்பிரிவுகளின் பெயர்களைக் கல்வெட்டுகள் தருகின்றன. போரில் இறந்தவனின் குடும்பத்தாருக்கு வரியின்றி விடப்பட்ட நிலம் ‘உதிரப்பட்டி’ எனப்பட்டது. மகனைக் கடலுக்கு அனுப்பிய தாயின் அச்சத்தை எழுத இந்த ஒரு சொல்லே போதும்.

காற்றும் ஒரு சான்றுதான். நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே பாய்விரித்துச் செல்லத் தென்மேற்குப் பருவக்காற்று உதவும். ஊர் திரும்ப வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். எனவே, போர் சில நாள்களில் முடிந்திருந்தாலும் வீரன் உடனே வீடு திரும்பியிருக்க முடியாது. காற்று மாறும்வரை அவன் வென்ற மண்ணில் காத்திருந்தான் என்று எழுதினால், அது வெறுங்கற்பனை ஆகாது.

இன்னொரு சான்று கதையையே திருப்பிவிடக்கூடியது. போருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் இன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த பெயராலேயே ‘லைடன் செப்பேடுகள்’ என அறியப்படுகின்றன. நாகப்பட்டினத்துக்கு அருகில் பிறந்த வீரன் சிறுவயதிலேயே அந்த விகாரத்தைப் பார்த்திருப்பான். கடாரத்து வணிகரைக் கடைத்தெருவில் கண்டிருப்பான். பிறகு அவர்கள் ஊரின்மீதே வாளேந்திச் செல்லுமாறு அவனுக்குக் கட்டளை வருகிறது.

எதிர்த்து நின்ற கடாரத்து மக்களையும் எழுத வேண்டுமல்லவா? மெய்க்கீர்த்தி வென்றவரின் பேச்சு. மற்றவரின் வாழ்வை அறிய எழுத்தாளர் பூஜாங் பள்ளத்தாக்குக்கு வர வேண்டும். மெர்போக் அருங்காட்சியகத்தின் அருகே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. அகழ்ந்தெடுத்த மணிகளும் பீங்கான் ஓடுகளும் அங்கே வாங்கி விற்றவர்களின் கைகளில் ஒரு காலத்தில் புழங்கியவை.