சமயம் வாய்க்கும்போது

பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில் 9, 10 ஆகிய வசனங்களே இப்பாடத்திற்கு ஆதாரம். மாணவ நண்பர்கள் வேதபுத்தகத்தைத் திறந்து அவற்றை ஒருமுறை வாசித்தபின் மேலே செல்வார்களாக. முன்னையது அறுவடைக்குரிய காலத்தைக் கூறுகிறது. பின்னையது நன்மை செய்தற்குரிய சமயத்தைக் கூறுகிறது. தமிழ் வேதத்தில் இருவேறு சொற்களாக நிற்பவை கிரேக்க மூலத்தில் 'கைரோஸ்' என்னும் ஒரே சொல்லாகும். நாளும் நாழிகையுமாய் ஓடுகின்ற காலத்தைக் கிரேக்கர் 'க்ரோனோஸ்' என்றனர். கைரோஸ் என்பதோ ஒரு செயலுக்கென்றே வந்து, நமக்காகக் காத்து நில்லாமல் கழிந்துபோகும் வேளை.

இதற்கு எங்கள் திருவாமாத்தூர்க் குடியானவரிடம் நல்ல சொல் ஒன்று உண்டு. அவர்கள் அதனைப் பருவம் என்பர். மழை பெய்து மண் பதமாயிருக்கையில் ஏர் பூட்டாதவன், ஈரம் காய்ந்தபின் பத்து ஏர் பூட்டினாலும் பயனில்லை. விதைக்கும் பருவத்தை விட்டவனுக்கு அறுக்கும் பருவமும் இல்லை என்பதை அவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. பவுல் இரண்டு வசனங்களிலும் ஒரே சொல்லை வைத்ததன் கருத்தை, உரையாசிரியர் பலரினும் அவர்கள் எளிதில் உணர்வார்கள் என்றே நினைக்கிறேன்.

இதற்கு உதாரணம் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. விழுப்புரத்திலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது திண்டிவனம். அமெரிக்க ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் அங்கே ஊழியம் செய்துவந்தார். 1890-களில், நோயுற்ற தம் தாயாருக்குத் துணையாக அவருடைய மகள் ஐடா அங்கு வந்து தங்கியிருந்தார். விரைவில் அமெரிக்கா திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஓர் இரவு பிராமணர் ஒருவர் வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தம் மனைவிக்கு உதவ வருமாறு வேண்டினார். தாம் மருத்துவர் அல்லர் என்றும், தந்தையாரை அழைத்துவருவதாகவும் ஐடா கூறினார். ஆடவர் மருத்துவம் பார்ப்பதை ஏற்க இயலாது என்று வந்தவர் திரும்பிவிட்டார். அவருக்குப்பின் ஒரு முகம்மதியரும், மற்றுமோர் இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து அவ்வாறே திரும்பினர். பொழுது விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்தனர் என்ற செய்தி வந்தது.

நம் பிரசங்கிமார் இவ்விரவைத் தேவ அழைப்பின் இரவு என்று வருணிப்பது வழக்கம். ஐடா அம்மையாருக்கு அது அழைப்பே, ஐயமில்லை. ஆயினும் அம்மூன்று பெண்களுக்கு அது அழைப்பன்று, மரணம். இதனை மறந்துவிட்டு அந்தச் சரித்திரத்தைச் சொல்லுவது தகாது. அன்றிரவு ஐடாவினிடத்தில் இரக்கம் இல்லாமலில்லை, கைத்தேர்ச்சிதான் இல்லை. இரக்கம் மட்டும் கொண்டு ஒரு பிரசவத்தையும் நடத்திவிட முடியாது. வந்த சமயம் போய்விட்டது. அடுத்த சமயத்திற்கு ஆயத்தப்படுவதொன்றே எஞ்சியிருந்தது. 1895-இல் பிலதெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, இறுதியாக நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் மருத்துவப் பணி தொடங்கினார். ராபர்ட் ஷெல் என்னும் வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 1902-இல் 40 படுக்கைகளுள்ள வைத்தியசாலை எழுந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் ஏற்பட்டன. பாடப்புத்தகத்தைப் பரீட்சைக்கென்றே சுமப்பதாக எண்ணும் மாணவர், யார் வீட்டுக் கதவு எந்த இரவில் தட்டப்படும் என்பதையும் சற்றே எண்ணிப்பார்க்கலாம்.

இத்தனை பெரிய ஸ்தாபனத்தைக் கண்டு, இவையெல்லாம் பெரியோர் செய்யும் காரியம் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடும். ஆகையால் வேறொன்றும் சொல்லவேண்டும். அம்மையார் வாரந்தோறும் குடியாத்தத்திற்குச் சென்று வைத்தியம் செய்வது வழக்கம். வழியிலுள்ள கிராமத்தார் இதையறிந்து, பிணியாளரைக் கொண்டுவந்து சாலையோரத்தில் காத்திருக்கலாயினர். அவரும் மரநிழலில் வண்டியை நிறுத்தி, புண்ணுக்குக் கட்டுக் கட்டி, மருந்து கொடுத்து, மேலே சென்றார். சாலையோர வைத்தியம் என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற பணி இப்படித் தொடங்கியதே. அது எவரும் மேசைமுன் அமர்ந்து வகுத்த திட்டமன்று. வேறு வேலையாய்ப் போகிறவரை வழிமறித்த வேலை. வந்தவர் எந்தச் சாதியார், எம்மதத்தார் என்ற வினாவும் அங்கு இல்லை. 10-ஆம் வசனத்தில் பவுல் 'யாவருக்கும்' என்றே எழுதினார்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்துச் சமாரியனும் தன் பிரயாணத்தில் இருந்தவனே. அவன் வார்த்த எண்ணெயும் திராட்சரசமும் வழிக்கென வைத்திருந்தவையாகவே இருக்கவேண்டும். ஆசாரியனும் லேவியனும் கொடியவர் என்று நம் கர்த்தர் கூறவில்லை. கண்டும் விலகிப்போனார்கள் என்றே கூறினார். அவர்களுக்கும் அவசர அலுவல் ஏதேனும் இருந்திருக்கும்.

எனக்கும் ஓர் அவசர அலுவல் இருந்தது. கலாசாலையில் பயின்ற நாளில், விடுமுறைக்கு ஊர் வந்து திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வேதபாடப் பரீட்சைக்கே படித்தேன் என்பதை இங்கே மறைத்தல் முறையன்று. பார்வை மங்கிய அடுத்த வீட்டு ஆயா ஒரு வைத்தியசாலைச் சீட்டுடன் வந்து, "தம்பி, இதில் என்ன தேதி போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்" என்றார். "சாயங்காலம் வாருங்கள், ஆயா" என்று தலை நிமிராமலே சொல்லிவிட்டேன். சாயங்காலம் நான் விழுப்புரத்தில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து நானே போய்ச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கண் அறுவைக்கென்று குறித்திருந்த நாள் முந்தினநாளோடு கழிந்திருந்தது. மறுபடியும் அவருக்கு முறை வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அதுவரை சுவரைத் தடவியே நடந்தார். ஒரு வார்த்தையும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

அடுத்த சீட்டு வந்தபோதும் நான் அதே திண்ணையில்தான் இருந்தேன். ஆயா என்னைக் கடந்து, தெருமுனைக் கடைக்காரரிடம் அதை எடுத்துச் சென்றார்.