தரவுத்தளப் படியெடுப்பும் அனுமதித் தடையும்

ஒரு சர்வரிலுள்ள தரவுத்தளத்தை மற்றொரு சர்வர் இடையறாது படியெடுத்து வைத்தல், முன்னது பழுதுற்றக்கால் பின்னது பணியேற்றற் பொருட்டாம். போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளில், இணைப்பின் வழியே உடனுக்குடன் படியெடுக்கும் வசதி 2010-ஆம் ஆண்டு வெளிவந்த 9.0 பதிப்பு முதல் உண்டு. இதனை அமைக்கப் புகுவோர் பெரும்பாலும் இடர்ப்படுவது இணைப்பு அனுமதியிலேயாம். அவ்விடரை நீக்குமாறு யாதென ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், கிடைத்த மறுமொழியை ஊன்றி நோக்குவோம். இணைப்பு மறுக்கப்பட்டது என்றேனும், நெடுநேரம் விடையே இன்றியேனும் இருப்பின், நம் விண்ணப்பம் தரவுத்தளத்தை எட்டவேயில்லை. போஸ்ட்கிரெஸ் தன் சர்வருக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்குமாறே முதலில் அமைந்துள்ளது. 'லிசன் அட்ரஸஸ்' என்னும் அமைப்பை மாற்றி, மென்பொருளை நிறுத்தித் தொடங்குதல் வேண்டும். 5432 என்னும் போர்ட்டை ஃபயர்வால் மறிக்கின்றதா எனவும் காண்க.

அனுமதிக் கோப்பாகிய 'பிஜி எச்பிஏ'யில் வரியில்லை என மறுமொழி வருமாயின், விண்ணப்பம் வாயில்வரை சென்று திரும்பியதென்க. ஈண்டே பலர் மயங்குவர். "எல்லாத் தரவுத்தளங்களுக்கும் 'ஆல்' என்று எழுதினோமே, சாதாரண இணைப்பும் இசைகின்றதே" என்பர். 'ஆல்' என்னும் அச்சொல் படியெடுப்பைத் தழுவாது. 'ரெப்ளிகேஷன்' என்று தனிவரி எழுதல் வேண்டும். அவ்வரியில் இடத்தக்கது மறுமொழியிற் காணும் முகவரியே. இடையில் முகவரி மாற்றும் கருவி இருப்பின், நாம் கருதிய முகவரியும் மூலச் சர்வர் காணும் முகவரியும் வேறுபடும். மேலிருந்து கீழாக, முதலில் பொருந்தும் வரியே முடிவு செய்யும் என்பதும் நினைவிலிருத்துக. வரி எழுதியபின் கோப்பை மீளப் படிக்கச் செய்தல் போதும். நிறுத்தித் தொடங்க வேண்டுவதில்லை.

வரி சரியாயிருந்தும் தடை நீங்காவிடின், கடவுச்சொல்லையும், அப்பயனருக்கு 'ரெப்ளிகேஷன்' உரிமை அளிக்கப்பட்டுள்ளதா என்பதையும் ஆராய்க.

இத்துணைத் தொல்லை எதற்கென்று, எல்லா முகவரிகளுக்கும் கடவுச்சொல்லின்றி வழிதிறந்து விடுவாருமுளர். தடை அப்போதே நீங்கும். ஆயின் காவலும் உடன் நீங்கும். படியெடுக்கும் இணைப்பு ஓரட்டவணையை மட்டுமன்று, அச்சர்வரிலுள்ள தரவுத்தளங்கள் அனைத்தையும் அள்ளிச் செல்ல வல்லது. ஆதலின், படியெடுப்பிற்கென ஒரு பயனர், ஒரே முகவரி, வலிய கடவுச்சொல் என்றமைப்பதே அறிவுடைமை. மறுமொழி சுட்டும் தடையை மட்டும் நீக்கி, ஏனைய காவல்களை இருந்தவாறே விடுத்தல் இத்தொழில் பயில்வார் கைக்கொள்ளத் தக்க முறையாம்.