சமுதாயக் கூடங்களைப் புதுப்பித்தல்: கூரையே முதற்பணி

பழைய சமுதாயக் கூடத்தைப் புதுப்பிக்கத் திட்டமிடுவோர் முதலில் நோக்க வேண்டியது சுவரையன்று, கூரையையே. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தென்மேற்குப் பருவமழையுடன், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரின் பல தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாளில் தாழ்வான பகுதியினர் ஒதுங்குவதற்கு அருகிலுள்ள பொதுக் கட்டடம் வேண்டும். ஒழுகும் கூடம் திருமணத்திற்கும் உதவாது, புகலிடமாகவும் ஆகாது.

கான்கிரீட்டுத் தளத்தில் நீர் கசிந்தால், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருக்கிறது. அதனால் கான்கிரீட்டு வெடித்துப் பெயர்கிறது. வெள்ளையடித்தல் இக்குறையை மறைக்குமேயன்றி நீக்காது.

ஆகவே பணிகளை முறையாக வரிசைப்படுத்துதல் இன்றியமையாதது. மழைக்காலத்திற்கு முன்னரே பொறியாளர் கட்டடத்தை ஆய்வு செய்து, பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்று முடிவு செய்தல் வேண்டும். பழுது பார்ப்பதாயின், முதலில் தளத்தின் சரிவையும் மழைநீர்க் குழாய்களையும் சீராக்க வேண்டும். பின்னர் துருவேறிய கம்பி, மின்கம்பி, கழிப்பறை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வலியுறுத்தும் தடையற்ற நுழைவுக்காகச் சாய்தளம் அமைத்தலும் இக்கட்டத்திலேயே நிகழ வேண்டும். வண்ணப்பூச்சு இறுதிப் பணியாகும்.

கூடத்தைப் பயன்படுத்தும் மகளிர், முதியோர், இளைஞர் ஆகியோரின் கருத்தை மதிப்பீடு தயாரிக்கும் முன்னரே கேட்டறிதல் நலம். வாடகை வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுப் பராமரிப்புக்கென ஒதுக்காவிடில், இன்று புதுப்பிக்கப்படும் கூடம் சில மழைக்காலங்களிலேயே மீண்டும் பழுதுறும்.