கயலுக்குப் பெரியப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,



"வீட்டிலேயே படித்துப் படித்துப் பேச ஆளே இல்லை பெரியப்பா, பேசாமல் ஸ்கூலில் சேர்ந்துவிடவா?" என்று கேட்டிருந்தாய். சேரலாம் கண்ணு, தப்பே இல்லை. அதற்கு முன் ஒன்றை யோசி. பள்ளிக்கூடம் முக்கியமாக இரண்டு கொடுக்கிறது: ஒரு சான்றிதழ், தினமும் பார்க்கிற அதே முகங்கள். முதலாவதற்கு வழி இருக்கிறது. இரண்டாவதைத்தான் நீ அமைத்துக்கொள்ள வேண்டும்.

உனக்கு 14 வயது முடிந்துவிட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதுதான் என்.ஐ.ஓ.எஸ்., பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடம். ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும் தேர்வு. பதிவு 5 ஆண்டு செல்லும் என்பதால் பாடங்களைப் பிரித்து எழுதலாம். கணக்கைக் கடைசிக்குத் தள்ளாதே. நேரடி வகுப்பை ஒழுங்காக நடத்துகிற படிப்பு மையமா என்று அப்பாவோடு நேரில் போய் விசாரித்துச் சேர். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள்கூட அங்கே வருவார்கள். அவர்களோடு பேசிப் பழகு.

அடுத்தது முகங்கள். கல்யாண வீட்டிலும் ஒருநாள் முகாமிலும் பார்த்தவர்கள் அன்றோடு சரி. அதே கிழமை, அதே நேரம், அதே இடம் என்று போனால்தான் சிநேகிதம் பிடிக்கும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாலையும் ஞாயிற்றுக்கிழமையும்தான் ஓய்வு. நீயோ அந்த நேரத்தில்தான் புத்தகத்தை எடுக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். காலையிலேயே படிப்பை முடி. மாலையைக் காலியாக வை. பாதிச் சிக்கல் அதிலேயே தீரும்.

உங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் உனக்குப் பிடித்த ஒரு விளையாட்டில் மாலைப் பயிற்சிக்குச் சேர். பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் உன்னால் ஆட முடியாது. ஆனால் முதலமைச்சர் கோப்பையில் 15 வயதிலிருந்து பொதுப்பிரிவு உண்டு. அதற்கு எந்தப் பள்ளியின் பெயரும் வேண்டாம்.

பறவை பார்ப்பதில் உனக்கு ஆசை. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால்மணி நேரம் நின்று பார்த்துப் பட்டியல் எழுதத் தெரிந்த எவரும் சேரலாம். சாமநத்தம் கண்மாய்க்கு வருகிறவர்களோடு நீயும் போ. பொங்கல் முடிந்ததும் விட்டுவிடாமல், அவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள் என்று கேட்டு வை.

எங்கே போனாலும் முதல் சில வாரம் யாரும் உன்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சாரைப் பற்றியும் மார்க்கைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். உனக்கு ஒன்றும் புரியாது. அதற்காக நின்றுவிடாதே. "எந்த ஸ்கூல்?" என்று கேட்டால், "வீட்டில் படிக்கிறேன், பத்தாவது எழுதப்போகிறேன்" என்று சொல். பெருமையும் வேண்டாம், கூச்சமும் வேண்டாம். பதிலுக்கு அவர்களைப் பற்றிக் கேள்.

ஒரு வருஷம் இப்படி இருந்து பார். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால், பத்தாவது சான்றிதழை எடுத்துக்கொண்டு பதினொன்றில் பள்ளியில் சேரலாம். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீ தயங்க வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா