நம்மவர் ஆட்சியில்

அன்புள்ள கயல்,

காவல் நிலையத்தில் அடிபட்ட பையனுக்காக நீ எழுதிய மனுவை, "இப்போது நடப்பது நம்ம ஆட்சி, கொஞ்சம் பொறு" என்று உன் சங்கத்துப் பெரியவர்களே தடுத்ததாக எழுதியிருக்கிறாய். படித்ததும் பிலிப்பைன்ஸ்காரர் ஹோசே டியோக்னோதான் நினைவுக்கு வந்தார்.

1962-இல் அவர் நீதித்துறை அமைச்சர். அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஸ்டோன்ஹில் என்ற அமெரிக்கத் தொழிலதிபரின் அலுவலகங்களில் சோதனை போட வைத்தார். அவர் இருந்த அரசே அவர் பதவியைப் பறித்தது. 1971-இல், டியோக்னோ செனட்டராக இருக்கையில், அதிபர் மார்கோஸ் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். இருவரும் ஒரே கட்சி. டியோக்னோ கட்சியை விட்டே விலகினார். அடுத்த ஆண்டு ராணுவச் சட்டம் வந்ததும் அவரைப் பிடித்துப் போனார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு சிறை. கடைசிவரை குற்றச்சாட்டே பதியவில்லை.

1974-இல் வெளியே வந்தவர் ஃப்ளாக் என்ற இலவசச் சட்ட உதவிக் குழுவைத் தொடங்கினார். வழக்கை ஜெயித்துக் கொடுத்தால் போதாது, தன் உரிமை என்னவென்று வழக்குக்காரரே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் உனக்காக நான் சொல்ல வந்தது 1987-இல் நடந்தது. மார்கோஸ் ஓடிப்போய், கோரசான் அக்கினோ அதிபராகியிருந்தார். அவருடைய கணவர் நினோயும் டியோக்னோவும் லாவூர் முகாமில் ஒரே காலத்தில் தனிமைச் சிறையில் கிடந்தவர்கள். உறவு அப்படிப்பட்டது. டியோக்னோவையே மனித உரிமைக் குழுவுக்குத் தலைவராக்கியிருந்தார் கோரசான். ஜனவரி 22 அன்று, நிலம் கேட்டு ஊர்வலமாக வந்த விவசாயிகளை மணிலாவின் மெந்தியோலா பாலத்தருகே அரசுப் படைகள் சுட்டன. குறைந்தது 12 பேர் செத்தார்கள். டியோக்னோவுக்கு அப்போது நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது. உடல்நிலையைக் காரணம் காட்டி ஒதுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அந்தச் சாவுகளைக் கண்டித்தே பதவி விலகினார். பிப்ரவரி 27-இல் இறந்தார்.

மூன்று முறையும் அவர் எதிர்த்து நின்றது தன் பக்கத்தாரை, கயல். எதிரியின் சிறைக்குப் போவதைவிட அது கடினம். நேற்றுவரை கூடச் சாப்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உனக்கும் அது நடக்கும். சங்கத்தை விட்டுப் போகச் சொல்லவில்லை. மனுவைக் கிழித்துவிடாதே. மருத்துவச் சான்றையும் தேதிகளையும் சரிபார்த்து, பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் வரிவரியாகப் படித்துக் காட்டிவிட்டு, திங்கட்கிழமை தாக்கல் செய்.

அன்புடன்,
அத்தை